ஆயிரத்து நூற்றைம்பது ரூபாய்க் குத்தூசி

ஏழாயிரம்பண்ணை பஸ் நிறுத்தத்திலிருந்து நாலு கடை தள்ளி சங்கிலிமுத்துவின் லேத் பட்டறை இருக்கிறது. ஒரு அறை, ஒரு ஷட்டர், முன்னால் தகரம் இறக்கிய கொட்டகை. மற்ற கடைக்காரர்கள் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டித் தொங்கவிடுகிற இடத்தில் அவர் சணல் கயிற்றில் ஒரு காந்தத்தைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்.

அவர் செய்வதெல்லாம் பட்டாசு ஆபிசுக்கான சாமான். அந்தப் பக்கத்தில் ஆலை என்று யாரும் சொல்ல மாட்டார்கள், ஆபிஸ்தான். பட்டாசு ஆபிசுக்குள் இரும்புக் கருவி போகக்கூடாது. எதிலாவது உரசினால் பொறி பறக்கும். பறந்தால் அப்புறம் பேச ஆள் இருக்காது. ஆகவே கத்தி, கரண்டி, வெடியில் திரி செருகத் துளை போடும் குத்தூசி, எல்லாமே பித்தளை. வெளியே போகிற ஒவ்வொரு உருப்படி மேலும் சங்கிலிமுத்து அந்தக் காந்தத்தை ஓட்டிப் பார்ப்பார். இருபது வருடத்துக்கு முன்னால் ஒரு கைப்பிடிக்குள் இரும்பு ஆணி ஒன்று ஒளிந்திருந்து, ஆபிஸ் போர்மேன் அதைக் கண்டுபிடித்து, நூற்றிருபது குத்தூசியையும் சாக்கோடு ரோட்டில் கொட்டிவிட்டுப் போனார். அதிலிருந்து காந்தம்.

ஆள் ஐம்பத்திரண்டு வயது. வாய் கொஞ்சம் கறார். ரேட்டைக் குறைக்கச் சொன்னால் பதில் சொல்லாமல் லேத்தை ஓட்டிவிடுவார். அந்தச் சத்தத்தில் கேட்டவர் போய்விடுவார்.

போன ஆடி மாதம் சிவகாசியிலிருந்து ஸ்ரீராம்குமார் வந்தான். அப்பா காலத்து அச்சாபீஸ் வைத்திருக்கும் குடும்பம். காலண்டர் ஆர்டர் குறைந்துபோனதால் அவன் வேறு வேறு சரக்கை டப்பாவில் போட்டு ஆன்லைனில் விற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். கையில் ஒரு மாதிரி கொண்டுவந்தான். மரக் கைப்பிடி, முன்னால் கூராக நீண்ட முனை.

"இதே மாதிரி இருபது செஞ்சு தாங்கண்ணே" என்றான்.

சங்கிலிமுத்து நீளத்தை அளந்தார், கூர்மையை அளந்தார், கைப்பிடியின் வளைவை அட்டையில் வரைந்துகொண்டார். எட்டு நாளில் இருபதும் தயார். ஸ்ரீராம்குமார் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தான்.

"என்னண்ணே, மஞ்சளா இருக்கு?"

"பித்தளைல்லா."

"நான் குடுத்த மாதிரி எவர்சில்வர்."

"எவர்சில்வர்ல குத்தூசி செஞ்சா எந்த ஆபிஸ்ல வாங்குவான்?"

"அண்ணே, இது ஆபிசுக்கு இல்ல. வீட்டுல பொழுதுபோக்குக்குத் தைக்கிறாங்கல்ல, அந்தப் பொம்பளைகளுக்கு. மிசின்ல துணி ஓடும்போது ஊசிப் பக்கத்துல விரல் போகாம இதை வச்சுத் தள்ளுவாங்க."

சங்கிலிமுத்து பொட்டலத்திலிருந்து ஒன்றை எடுத்துப் பார்த்தார். குத்தூசி என்றால் பித்தளை என்று கை முடிவு செய்துவிட்டது, அவரைக் கேட்கவில்லை. "திருப்பிக் குடுங்க, மாத்திச் செஞ்சு தாரேன்" என்றார். ஸ்ரீராம்குமார் ஒன்றைக் கையில் உருட்டிப் பார்த்தான், வெயிலில் பிடித்துப் பார்த்தான். "இருக்கட்டும்" என்று எடுத்துக்கொண்டு போனான்.

பத்து நாள் கழித்து அவனே போன் செய்தான். "அண்ணே, பித்தளையே போடுங்க. மிசின் ஊசி தப்பித் தவறி மேல விழுந்தாலும் உடையலையாம். பாக்கவும் நகை மாதிரி இருக்காம். தீபாவளிக்குள்ள எரநூறு வேணும். நல்லாப் போச்சுன்னா மாசம் முன்னூறு, நிரந்தரம்."

உருப்படி எண்பத்தைந்து ரூபாய் என்று முடிந்தது. ஒரே ஒரு நிபந்தனை போட்டான். யார் கேட்டாலும் ரேட்டைச் சொல்லக்கூடாது. சங்கிலிமுத்துவிடம் யார் வந்து கேட்கப்போகிறார்கள்? சரி என்றார்.

மாதம் முன்னூறு என்பதை வீட்டில் சொன்னபோது அவர் மனைவி வள்ளித்தாய் சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்தாள். பதினேழு வருடமாகப் பட்டாசு ஆபிசுக்குப் போகிறாள். வெடியில் துளை போட்டுத் திரி செருகும் வேலை. காலை ஆறரைக்கு ஆபிஸ் வேன் வரும். அவள் நகக்கண்ணில் அலுமினியப் பொடி ஏறி வெள்ளியாக இருக்கும், எத்தனை தேய்த்தாலும் போகாது. போன வருடம் அடுத்த ஆபிசில் ஒரு அறை வெடித்துப் போனது. அந்த அறையில் இருந்த முருகம்மாள் இவளோடு ஒரே வேனில் போய்வந்தவள். அதற்குப் பிறகு வள்ளித்தாய் வேனில் யாரோடும் பேசுவதில்லை.

"மாசம் முன்னூறு நெசமா வருமா?" என்று கேட்டாள்.

"வந்தா?"

"வந்தா நான் வேன் ஏறல. கார்த்திகையில ஆபிஸ் தொறக்கயில வேற ஆளைப் பாத்துக்கிடட்டும்."

அதுதான் கணக்கு. தீபாவளி முடிந்தால் பட்டாசு ஆபிஸ் எல்லாம் ஒரு மாதம் பூட்டிக் கிடக்கும். மறுபடி பூஜை போட்டுத் திறக்கும் நாளில் அவள் வேன் ஏறுவாளா மாட்டாளா என்பது அந்தக் குத்தூசி விற்பதைப் பொறுத்திருந்தது.

இருநூறையும் தீபாவளிக்குப் பத்து நாள் முன்னால் கேட்டு ஸ்ரீராம்குமார் அவசரப்படுத்தினான். தினம் நாலு போன். பித்தளை முனையைக் கடைந்த பிறகு சின்னச் சுத்தியலால் சுற்றிச் சுற்றித் தட்ட வேண்டும். தட்டத் தட்ட அது இறுகும், வளையாது. ஆபிசுக்குப் போகிற குத்தூசி ஒவ்வொன்றுக்கும் நாற்பது தட்டு. இந்த இருநூறுக்கும் தட்டிக்கொண்டிருந்தால் தீபாவளி போய்விடும். வெடிமருந்தா குத்தப்போகிறார்கள், துணிதானே என்று சங்கிலிமுத்து நினைத்தார். தட்டாமலே அனுப்பிவிட்டார். காந்தம் மட்டும் ஓட்டினார்.

*

கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆபிஸ் திறக்க இன்னும் ஒன்பது நாள். மழை விட்டுவிட்டுத் தூறிக்கொண்டிருந்தது. பஸ்ஸிலிருந்து இறங்கி, குடையை மடக்கிக்கொண்டு ஒரு அம்மாள் பட்டறை வாசலுக்கு வந்தாள். ஐம்பத்தொன்பது வயதிருக்கும். தோளில் கனமான பை.

"அண்ணாச்சி, பித்தளைச் சாமான் ரிப்பேர் பாக்கிறது நீங்கதானா? ஆபிஸ்ல சொன்னாங்க."

"எந்த ஆபிஸ், பட்டாசா தீப்பெட்டியா?"

"கலெக்டர் ஆபிஸ். சூலக்கரை. பட்டாசு லைசென்ஸ் பைல் பாக்கிற தம்பி சொல்லிச்சு, பித்தளைன்னா ஏழாயிரம்பண்ணைக்குப் போங்கன்னு."

அவள் பெயர் சுப்புலட்சுமி. விருதுநகர்க்காரி. அடுத்த வருடம் ரிட்டயர் ஆகப்போகிறவள். உள்ளே கால் வைத்தவளைச் சங்கிலிமுத்து நிறுத்தினார்.

"பையில என்னம்மா இருக்கு?"

"தையல் சாமான்."

"குண்டூசி இருக்கா?"

"இருநூறு இருக்கும்."

"அப்ப கொட்டகையில உக்காருங்க. குண்டூசி ஒண்ணு பட்டறைக்குள்ள விழுந்தா நான் ஒரு வாரம் தேடணும்."

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. தகரத்தடியில் பெஞ்சில் உட்கார்ந்து, பையைத் திறந்து, உள்ளே எதையோ தேடினாள். தேடத் தேட ஒவ்வொன்றாக வெளியே வந்து பெஞ்சில் பரவியது. கத்தரி, வட்டமான கத்தி, டப்பா டப்பாவாகக் கிளிப், காந்தத் தட்டு, மரக்கட்டை, நூல் கோக்கும் கருவி. சங்கிலிமுத்து வாசலில் நின்று பார்த்தார். வேறு ஆள் சாமான் என்றாலும் கருவியைக் கண்டால் கை சும்மா இருக்காது.

"இம்புட்டும் எதுக்கு? டெய்லர் கடை வச்சிருக்கீகளா?"

"இல்ல அண்ணாச்சி. சும்மா. துண்டுத் துணியெல்லாம் சேத்துப் போர்வை தைப்பேன்."

"துண்டுத் துணி எங்கன வாங்குவீக?"

"வாங்குறது முழுத் துணிதான். அதை நானே துண்டா வெட்டுவேன்."

"முழுசை வெட்டித் துண்டாக்கி, துண்டைத் தைச்சு மறுபடி முழுசாக்குறீக."

"எங்க வீட்டுக்காரரும் இதையேதான் கேக்காரு" என்று சிரித்தாள். "முப்பத்தோரு வருசம் ஆபிஸ்ல எவனோ சொன்னதை எழுதிக்கிட்டு இருந்தேன். இதுல எந்தத் துண்டு எங்க வரணும்னு நான்தான் சொல்லணும். அதுக்காகத்தான்."

அவர் வட்டக் கத்தியை எடுத்தார். பழைய பேப்பரை நாலாக மடித்து அதன் மேல் உருட்டினார். பேப்பர் சத்தமில்லாமல் பிரிந்தது. "இது எவ்வளவு?"

"ஆயிரத்து முன்னூறு. அநியாயமா அண்ணாச்சி? எங்க தையல்காரங்க வாட்ஸ்அப் குரூப்புல தினமும் இதே சண்டைதான். பொழுதுபோக்குக்குத் தைக்கிறவன்னா இளிச்சவாய்னு நெனச்சு விலை வைக்கிறாங்கன்னு ஒரு கட்சி, நல்ல சாமானுக்கு அந்த விலைதான்னு ஒரு கட்சி."

"இது சரி. இரும்பு நல்ல இரும்பு. உள்ள பேரிங் ஓடுது பாருங்க." கீழே வைத்தார். கத்தரியை எடுத்துத் திருகாணியைப் பார்த்தார், இரண்டு தடவை காற்றில் வெட்டினார். "இதுவும் சரி. கீழ மட்டும் போடாதீக, உங்க காலத்துக்கும் வரும்."

"ரெண்டாயிரத்து நூறு."

"குடுக்கலாம்."

காந்தத் தட்டைத் திருப்பினார். அடியில் நகத்தால் கீறினார். "இது?"

"அறநூத்தம்பது."

"பழைய ஸ்பீக்கர் காந்தம். மேல ரோஸ் கலர் பிளாஸ்டிக். என் வாசல்ல தொங்குது பாருங்க, அது இதுக்கு அப்பன். ரிப்பேர் கடையில சும்மா குடுத்தான்."

சுப்புலட்சுமி காந்தத்தையும் தட்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இந்த மரக்கட்டை என்னம்மா?"

"இஸ்திரி போட்ட மடிப்பு மேல வச்சு அமுக்கணும். ஐநூத்தம்பது."

"எங்க ஊர்ல இது காகிதக் குழாய் உருட்டுற கட்டை. முப்பது ரூவா. மணல்தாள் போட்டா நாப்பது." நூல் கோக்கும் கருவியைத் தொடக்கூட இல்லை. "அது பஸ் ஸ்டாண்டுல பத்து ரூவாய்க்கு விக்கான். எவ்வளவு குடுத்தீகன்னு சொல்லாதீக."

அவள் சொல்லவில்லை. கிளிப் டப்பாவைத் தூக்கி அட்டையைத் தடவினார். "உள்ள இருக்கிறதைவிட டப்பாவுக்குச் செலவு ஜாஸ்தி. நம்ம சிவகாசி அச்சுதான்."

"அண்ணாச்சி, நீங்க ஒளிவு மறைவில்லாமப் பேசுறீங்க. எங்க குரூப்புல இப்படி ஒரு ஆள் இல்ல" என்றாள். பையின் அடியிலிருந்து கடைசியாக ஒரு நீளமான டப்பாவை எடுத்துத் திறந்தாள். "நான் வந்தது இதுக்குத்தான். வாங்கி ஒரு மாசந்தான் ஆகுது. முனை வளைஞ்சிடுச்சு. எனக்குப் பிடிச்ச சாமான் இது, அதான் தூக்கிப் போட மனசில்லாம வந்தேன்."

கருநீல டப்பா. உள்ளே வெல்வெட் மாதிரி ஒரு துணி. அதில் படுத்திருந்தது சங்கிலிமுத்துவின் குத்தூசி. கைப்பிடியில் அவர் போட்ட இரண்டு கோடு.

"எவ்வளவும்மா?" என்று கேட்டார். மற்றதைக் கேட்ட அதே குரல்தான்.

"ஆயிரத்து நூத்தம்பது."

இருநூறு, இருநூற்றைம்பது என்று விற்பான் என்றுதான் அவர் நினைத்திருந்தார். கையில் வைத்துத் திருப்பினார். முனை நுனியில் லேசாகக் கொக்கி போலத் திரும்பியிருந்தது. தட்டாத முனை வேறு எப்படி இருக்கும்?

"எப்படி வளைஞ்சுது?"

"ஜீன்ஸ் துணி. மடிப்பைத் தள்ளினேன், அவ்வளவுதான்."

அவர் உள்ளே போனார். முனையை நிமிர்த்தி, சின்னப் பட்டறைக்கல் மேல் வைத்து, சுத்தியலால் தட்ட ஆரம்பித்தார். சுற்றிச் சுற்றி நாற்பது தட்டு. தட்டுகிற நேரம்தான் யோசிக்கக் கிடைத்த நேரம். ஒன்றும் சொல்லாமல் கொடுத்துவிடலாம். அந்த அம்மாள் கூலி கொடுத்துவிட்டு பஸ் ஏறிவிடுவாள். மாதம் முன்னூறு. ஒன்பது நாள். ஆனால் அவள் கேட்பாள் என்று அவருக்குத் தெரியும். அத்தனை சாமானுக்கும் விலை சொன்ன வாயை இதற்கு மட்டும் எப்படி மூடுவது?

வெளியே வந்து நீட்டினார். அவள் ஜீன்ஸ் துண்டு ஒன்றை எடுத்து அழுத்திக் குத்தினாள். வளையவில்லை.

"எவ்வளவு அண்ணாச்சி?"

"ஒண்ணும் வேண்டாம்."

"அது எப்படி? சரி, இதைச் சொல்லுங்க. இது அந்தக் கத்தரி சாதியா, காந்தத் தட்டு சாதியா?"

மழை தகரத்தில் சத்தமாக விழுந்தது. சங்கிலிமுத்து வேட்டியில் கையைத் துடைத்தார்.

"இது நான் செஞ்சதும்மா."

அவளுக்குப் புரியவில்லை. அவர் உள்ளேயிருந்து கைப்பிடி போடாத முனைகள் நாலைந்தை அள்ளிக்கொண்டு வந்து பெஞ்சில் வைத்தார்.

"எனக்கு எம்பத்தஞ்சு ரூவா குடுக்காக."

சுப்புலட்சுமி டப்பாவைப் பார்த்தாள், முனைகளைப் பார்த்தாள். "அப்ப நான் நல்லா ஏமாந்திருக்கேன்."

"விலை வச்சது நானில்ல. அதைப் பத்தி எனக்குச் சொல்லத் தெரியல. ஆனா முனையைத் தட்டாம அனுப்பிட்டேன், துணிதானேன்னு. அது என் தப்பு. வளையுற சாமானுக்கு எம்பத்தஞ்சே ஜாஸ்தி. இப்பத் தட்டியாச்சு. இனி அது கத்தரி சாதி."

அவள் பையைக் கட்டினாள். போகும்போது ஷட்டருக்கு மேலே போர்டில் இருந்த போன் நம்பரைப் படம் பிடித்துக்கொண்டாள். எதற்கு என்று அவர் கேட்கவில்லை.

*

இரண்டு நாளில் ஸ்ரீராம்குமார் போன் செய்தான். சுப்புலட்சுமி குரூப்பில் நடந்ததை நடந்தபடி எழுதியிருந்தாள், முனை சரிசெய்து கொடுத்தது வரைக்கும். யாரோ ஒருத்தி அதில் எண்பத்தைந்து ரூபாயை மட்டும் வெட்டியெடுத்து ஆன்லைனில் அவன் குத்தூசி விற்கிற பக்கத்தில் ஒற்றை நட்சத்திரத்தோடு ஒட்டிவிட்டாள்.

"ஒரே ஒரு விசயந்தானேண்ணே சொல்லாதீங்கன்னேன்."

"சொல்லிட்டேன்."

"மீதியெல்லாம் என் பைக்குள்ள விழுதுன்னு நெனச்சீங்களா? ஆன்லைன்காரன் எடுக்கிறான், கூரியர்காரன் எடுக்கிறான். விளம்பரத்துக்குப் போகுது. பத்து அனுப்பினா ரெண்டு திரும்பி வருது, கலர் சரியில்ல, வீட்டுக்காரர் திட்டுறாருன்னு. வந்ததை நான் என்ன செய்ய, திரியா குத்த?"

"நான் அதெல்லாம் சொல்லல. என் ரேட்டைத்தான் சொன்னேன்."

"அதைத்தான் சொல்லாதீங்கன்னேன்" என்று மறுபடியும் சொன்னான். கார்த்திகை மாத ஆர்டர் இல்லை என்றான். குரலை உயர்த்தவில்லை.

வீட்டில் சொன்னபோது வள்ளித்தாய் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தை நிறுத்தவில்லை.

"அந்தம்மா கேட்டாகளாக்கும்."

"கேட்டாக."

"ஊர்ல எவன் எது கேட்டாலும் வாயைத் தொறக்காத மனுசன். ரேட்டுக் கேட்டா லேத்தை ஓட்டுற மனுசன். அன்னைக்கு மட்டும் கரண்டு இல்லையோ?"

கல் பொறுக்கி முடித்த பிறகு அவளே கேட்டாள். "முனை தட்டாமலா அனுப்பினீக?"

"அவசரம்."

"பதினேழு வருசமா அந்தக் குத்தூசியைப் பிடிக்கேன். ஒரு நாள் வளைஞ்சதில்ல. வளைஞ்சிருந்தா நான் இங்கன உக்காந்து அரிசி புடைக்க மாட்டேன்." அதற்கு மேல் அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. ஒன்பதாம் நாள் ஆபிஸ் திறந்தது. ஆறரைக்கு வேன் வந்தது. டிபன் பையை எடுத்துக்கொண்டு ஏறினாள்.

அதற்குள் பட்டறைக்குப் போன் வர ஆரம்பித்திருந்தது. மதுரை, கோயம்புத்தூர், சென்னை. எல்லாம் சுப்புலட்சுமியின் குரூப் பெண்கள். எண்பத்தைந்து ரூபாய்க் குத்தூசி ஒன்று வேண்டும்.

எண்பத்தைந்து என்பது நூறு உருப்படியாக, சாக்கில் கட்டி, வாசலில் வந்து எடுத்துக்கொண்டு போகிற ரேட். ஒன்றே ஒன்று என்றால் லேத்தை அதற்காக மாற்றிப் பூட்ட வேண்டும். அட்டைப்பெட்டி வாங்க வேண்டும், சாத்தூர் போய் பார்சல் போட வேண்டும், அதில் அரை நாள் போகும். போனில் பதில் சொல்கிற நேரத்தில் லேத் நிற்கும். சங்கிலிமுத்து சாக்பீஸை எடுத்துக் கதவில் எழுதிப் பார்த்தார். அழித்துவிட்டு மறுபடி எழுதினார். எப்படிப் போட்டாலும் முன்னூற்றைம்பதுக்குக் கீழே வரவில்லை.

கோயம்புத்தூர்க்காரி பிரீத்தி என்று ஒருத்தி. "எண்பத்தஞ்சுன்னு சொன்னாங்களே" என்றாள்.

"நூறு எடுத்தா எம்பத்தஞ்சும்மா."

"நூறு குத்தூசி வச்சு நான் என்னங்க செய்யறது?"

"அப்ப முன்னூத்தம்பது."

"கடைசியில நீங்களும் அவங்க மாதிரிதானா?" என்று வைத்துவிட்டாள்.

இன்னொருத்தி பார்சல் செலவு யாருடையது என்று கேட்டாள். இன்னொருத்தி டப்பா இருக்குமா, பரிசாகக் கொடுக்க வேண்டும் என்றாள். இன்னொருத்தி வாங்கிப் பிடிக்காவிட்டால் திருப்பி எடுப்பீர்களா என்றாள். பிடிக்காமல் போக இதில் என்ன இருக்கிறது என்று இவர் கேட்க, அவளும் வைத்துவிட்டாள். மார்கழி முடிய மொத்தம் பதினொரு பேர் வாங்கினார்கள். பதினொன்றையும் நாற்பது தட்டுத் தட்டித்தான் அனுப்பினார். ஒன்று விலாசம் தப்பித் திரும்பி வந்தது. பதினோராவது பார்சலைக் கட்டும்போது, அச்சாபீஸ் பையன் சொன்னதில் முக்கால்வாசி பொய்யில்லை என்று அவருக்குத் தோன்றியது. கால்வாசியைப் பற்றி இன்னும் சந்தேகம் இருந்தது.

வள்ளித்தாய் தினமும் ஆறரைக்கு வேன் ஏறிக்கொண்டிருந்தாள்.

*

பொங்கல் கழிந்து நாலாம் நாள் ஸ்ரீராம்குமார் காரில் வந்து இறங்கினான். கையில் புது டப்பா. கறுப்பு அட்டை, பொன் எழுத்து. கொட்டகைப் பெஞ்சில் வைத்துவிட்டு, தானே டீ வாங்கிக் கொடுத்தான்.

"கோயம்புத்தூர்ல ஒரு பெரிய கம்பெனியில ஐநூறு செய்யச் சொன்னேண்ணே. செஞ்சான். அம்புட்டும் வளையுது."

"தட்டியிருக்க மாட்டான்."

"தட்ட ஆளில்லங்கிறான். உங்ககிட்ட நேரா வாங்கின பதினோரு பேர் இருக்காங்கல்ல, அதுல ஏழு பேர் படம் போட்டு எழுதியிருக்காங்க. ஏழாயிரம்பண்ணைக்காரர் கையால தட்டின முனை, வளையவே மாட்டேங்குதுன்னு. இப்ப எனக்கு வர்றவங்க எல்லாரும் அதையே கேக்கிறாங்க." டப்பாவைத் திருப்பிக் காட்டினான். பின்பக்கம் ஒரு சதுரம் வெறுமையாக இருந்தது. "இங்க உங்க போட்டோ வரும். பேரு, ஊரு. கீழ 'நாற்பது தட்டு'ன்னு ஒரு வரி."

"ரேட்டைச் சொல்லக்கூடாதுன்னீக. இப்ப மூஞ்சியையே போடுறீகளா?"

"ரேட்டு வேற, மூஞ்சி வேற."

"எம்புட்டுக்கு விப்பீக?"

அவன் டீயைக் குடித்து முடித்தான். "ஆயிரத்து நானூத்தம்பது."

"ஏறுதே."

"போட்டோ இருக்குல்ல."

சங்கிலிமுத்து எழுந்து போய் லேத்தை ஓட்டவில்லை. சாக்பீஸ் எழுத்து இன்னும் கதவில் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நூற்றெழுபது என்றார். ஸ்ரீராம்குமார் நூற்றுப்பத்து என்றான். நூற்றைம்பதில் நின்றது. மாதம் முன்னூறு. அதோடு இவரும் நிபந்தனை போட்டார். முனை வளைந்து யாராவது திருப்பினால் அது நேரே பட்டறைக்கு வர வேண்டும், சும்மா சரிசெய்து கொடுப்பார். நாள் சொல்லி அவசரப்படுத்தக்கூடாது. மூன்று மாதத்து ஆர்டரை எழுத்தில் தர வேண்டும். ஸ்ரீராம்குமார் காரிலிருந்து அச்சாபீஸ் தாளை எடுத்துவந்து, பெஞ்சிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

போட்டோவுக்கு அவர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். அவன் அதைக் கழற்றச் சொல்லி, எண்ணெய்க் கறை படிந்த பழையதைப் போடச் சொன்னான். அப்போதுதான் விற்குமாம்.

சாயங்காலம் வேனிலிருந்து இறங்கிய வள்ளித்தாய் தாளை வாங்கிப் பார்த்தாள். எழுத்துக் கூட்டிப் படித்தாள். "முன்னூறுக்கும் யாரு தட்டுவா? முன்னூறு நாப்பது எம்புட்டு?"

"பன்னெண்டாயிரம் தட்டு."

"ஒத்தையா தட்டினா உங்க தோள்பட்டை கழண்டுரும்." தாளை மடித்துச் சாமி படத்துக்குப் பின்னால் செருகினாள். "எனக்கு ஒரு சுத்தியல் வாங்குங்க. கனமா வேண்டாம்."

மாசியில், முதல் முன்னூறுக்குப் பணம் வந்த வாரம், ஞாயிற்றுக்கிழமை பட்டறையில் சுப்புலட்சுமியின் போன் வந்தது. புது டப்பா இரண்டு வாங்கியிருப்பதாகச் சொன்னாள், ஒன்று மதினிக்கு.

"ஒண்ணு ஆயிரத்து நானூத்தம்பதுன்னு ரெண்டா? ஏம்மா, என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா முன்னூத்தம்பதுக்கு அனுப்பியிருப்பேனே. நீங்கதானம்மா ஏமாந்துட்டேன்னு சொன்னீக."

"இப்பவும் சொல்லுதேன். விலை அநியாயம்தான். ஆனா உங்ககிட்ட கேட்டா பழைய பேப்பர்ல சுத்தி அனுப்புவீங்க. அதை மதினிக்கு எப்படி அண்ணாச்சி நீட்டுறது? இது வீட்டு வாசலுக்கு வருது, டப்பா அழகா இருக்கு. என்ன, பின்னால இருக்கிற மூஞ்சிதான் யாரையோ அடிக்க வர்ற மாதிரி இருக்கு."

"அதுக்கு நான் என்ன செய்ய."

"முனை நல்லா இருக்கு அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

அவர் அதை வள்ளித்தாயிடம் சொன்னார். புதுச் சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தவள் எண்ணிக்கையை விடக்கூடாது என்று கையைக் காட்டி நிறுத்தினாள். நாற்பது முடித்துவிட்டுக் கேட்டாள்.

"எனக்கு ஒரு டப்பா வாங்கித் தரச் சொன்னா எம்புட்டு ஆகும்?"

"ஆயிரத்து நானூத்தம்பது."

"கிறுக்குப் பிடிச்ச பொம்பளைக" என்று அடுத்ததை எடுத்தாள். "நல்லா இருக்கட்டும்."

திங்கட்கிழமை ஆறரைக்கு வேன் வந்து நின்றது. டிரைவர் முனியராஜ் ஹாரன் அடித்தான். பட்டறை ஷட்டர் பாதி தூக்கியிருந்தது, உள்ளே தட்டுகிற சத்தம் கேட்டது. மறுபடி அடித்தான். "எக்கா, நேரமாச்சு" என்று வேனுக்குள்ளிருந்து ஒரு குரல். வள்ளித்தாய் குனிந்து வெளியே வந்து, சுத்தியல் பிடித்த கையாலேயே போ என்று காட்டினாள். வேன் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு நகர்ந்தது. உள்ளே இருந்த பெண்களில் ஒருத்தி கடைசி வரை திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

உள்ளே திரும்பும்போது அவள் வாசலில் தொங்கிய காந்தத்தைக் கழற்றி எடுத்தாள். தட்டி முடித்திருந்த இருபத்தாறு குத்தூசிகளின் மேலும் அதை ஒரு தடவை ஓட்டினாள். ஒன்றும் ஒட்டவில்லை. சங்கிலிமுத்து லேத்தைப் போட்டார்.